10 கேயா, 120 ஓமா? கட்-ஆஃப் போர்டில் ஒரே இடத்தில் இரு விதமாகத் தவறிய ரெசிஸ்டர்

திரும்பி வந்த போர்டுகள் இரண்டு. இரண்டும் ஒரே தொகுதியில், ஒரே மேசையில் கையால் பொருத்தப்பட்டவை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல்டு லெட் ஆசிட் பேட்டரியில் ஓடும் அவசர விளக்குக்கான கட்-ஆஃப் போர்டுகள். பேட்டரி அளவுக்கு மீறி வடிந்துபோகாமல் விளக்கை நேரத்தில் அணைப்பதுதான் இவற்றின் வேலை.

முதல் போர்டில் விளக்கு எரியவே இல்லை. இரண்டாவதில் எரிந்தது, வெளிச்சத்திலும் குறை இல்லை. ஆனால் கரண்ட் நெடுநேரம் வராத இரவுகளில் விளக்கு அணைந்த சில நிமிடங்களில் தானாக மறுபடி எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. சில மாதங்களில் பேட்டரி சார்ஜ் பிடிக்கவில்லை. வாங்கியவர்கள் பேட்டரியைத்தான் குறை சொன்னார்கள்.

பழுது இரண்டிலும் ஒரே இடத்தில்: டிவைடரின் (மின்னழுத்தத்தைப் பங்கிடும் ரெசிஸ்டர் ஜோடியின்) கீழ் ரெசிஸ்டர். அங்கே இருக்க வேண்டியது 10 கே, அதாவது 10 கிலோ ஓம். முதல் போர்டில் இருந்தது 120 ஓம், இரண்டாவதில் 11 கே. இரண்டு ரெசிஸ்டர்களும் நல்லவை. தங்கள் மேல் நிற வளையங்களாகப் போட்டிருந்த மதிப்பைச் சரியாகவே காட்டின. படித்ததில்தான் பிழை. ஒன்றைத் தவறான முனையிலிருந்து படித்திருக்கிறார்கள், மற்றொன்றில் ஒரு நிறத்தையே தவறாகப் பார்த்திருக்கிறார்கள்.

(மின்தடை என்றால் ஊரில் கரண்ட் கட். பாடப்புத்தகத்தின் மின்தடையாக்கியைப் பழுது பார்க்கும் மேசையில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. இங்கும் ரெசிஸ்டர்தான்.)

சர்க்யூட்

நடுவில் ஒரு டிஎல்431, மின்னழுத்தத்தைக் கண்காணிக்கும் ஐசி. அதன் ரெஃபரன்ஸ் காலில் 2.495 வோல்ட்டுக்கு மேல் வந்தால் கடத்தும், குறைந்தால் விடும். அது கடத்தும்போது, விளக்குக்கு ஸ்விட்சாக இருக்கும் ஐஆர்எஃப்9540 என்ற பி-சேனல் மாஸ்ஃபெட்டின் கேட்டை, அதாவது கட்டுப்படுத்தும் காலை, கீழே இழுக்கிறது. மாஸ்ஃபெட் திறந்து 6 வாட் எல்இடி பலகைக்கு அரை ஆம்பியர் போகிறது. கேட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே 4.7 கே. இதை 47 கே, 100 கே என்று ஏற்றக் கூடாது. வரம்பை நெருங்கும்போதே டிஎல்431 கொஞ்சம் கசிய ஆரம்பிக்கும். பெரிய ரெசிஸ்டரில் அந்தக் கசிவே மாஸ்ஃபெட்டைப் பாதி திறந்துவிடும்.

ரெஃபரன்ஸ் காலுக்கு வரும் டிவைடரில் மேலே 39 கே, கீழே 10 கே. மாஸ்ஃபெட்டின் வெளியீட்டிலிருந்து ரெஃபரன்ஸுக்குத் திரும்பி வரும் 220 கே ஒன்று. எல்லாம் ஒரு சத (ஒரு சதவீத டாலரன்ஸ், அதாவது மதிப்பு அவ்வளவே முன்பின் போகலாம்) மெட்டல் ஃபிலிம், கால் வாட், நீல உடல், ஐந்து வளையம்: முதல் மூன்றும் இலக்கம், நான்காவது பெருக்கி, ஐந்தாவது டாலரன்ஸ். விளக்கின் குறுக்கே இன்னொரு 4.7 கே. இதைத் தேவையில்லாதது என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. தொடராக மூன்று எல்இடி உள்ள பலகை இரண்டு, மூன்று வோல்ட்டில் துளியும் கடத்தாது. அப்போது விளக்கு அணைந்தபின் வெளியீட்டுப் புள்ளி பூஜ்யத்துக்கு இறங்காமல் தொங்கும், 220 கே செய்ய வேண்டிய வேலை நடக்காது.

அந்த 220 கேயின் வேலை இது. விளக்கு எரியும்போது அதன் மறுமுனை பேட்டரி மின்னழுத்தத்தில் இருக்கிறது. எனவே 39 கேக்குப் பக்க இணைப்பாகி, மேல்பக்கம் 33.1 கே ஆகிறது. அணைக்கும் வரம்பு 2.495 × (1 + 33.1/10) = 10.76 வோல்ட். ரெஃபரன்ஸ் கால் இழுக்கும் 2 மைக்ரோ ஆம்பியர் இதோடு 0.07 சேர்க்கும், ஆக 10.83. விளக்கு அணைந்தபின் அதே 220 கேயின் மறுமுனை தரையில். இப்போது அது 10 கேக்குப் பக்க இணைப்பு, கீழ்ப்பக்கம் 9.57 கே. மீண்டும் எரியும் வரம்பு 12.67, சேர்க்கை போட்டால் 12.75 வோல்ட்.

இந்த 10.83க்கும் 12.75க்கும் உள்ள இடைவெளிதான் போர்டின் உயிர். லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து சுமையை எடுத்தால் மின்னழுத்தம் சும்மாவே மேலே ஏறும், 10.8இல் விட்டது சில நிமிடங்களில் 12ஐ நெருங்கலாம். எனவே எழுப்பும் வரம்பு அந்த மீட்சிக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். சார்ஜர் வந்து 13.8 கொடுத்தால்தான் விளக்கு எழ வேண்டும்.

முதல் போர்டு: முனை மாறியது

பேட்டரி 12.8 வோல்ட். மாஸ்ஃபெட் கேட்டிலும் 12.8, அதாவது டிஎல்431 கடத்தவில்லை. வழக்கம்போல முதல் சந்தேகம் டிஎல்431 மேல் விழுந்தது. மாற்றினார்கள், பலன் இல்லை. இன்னொன்று போட்டார்கள், அதே கதை. அதற்கு முன்பே ரெஃபரன்ஸ் காலில் மீட்டரை வைத்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்: அங்கே 39 மில்லிவோல்ட். வரவேண்டியது இரண்டரை வோல்ட்டை ஒட்டி. 39 கேயும் 120 ஓமும் 12.8ஐப் பிரித்துக்கொண்டால் சரியாக 0.039தான் மிஞ்சும். ஐசி குற்றவாளி இல்லை.

கழற்றிய ரெசிஸ்டரின் வளையங்களை ஒரு முனையிலிருந்து படித்தால் பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு: 1, 0, 0, பெருக்கி 100, டாலரன்ஸ் ஒரு சதம். 10 கே. மறுமுனையிலிருந்து படித்தால் பழுப்பு, சிவப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு: 1, 2, 0, பெருக்கி 1, டாலரன்ஸ் ஒரு சதம். 120 ஓம். இரண்டும் கடையில் கிடைக்கும் மதிப்பு, இரண்டும் ஒரு சதம். வளையங்கள் மட்டும் பேசினால் எது சரி என்று தீர்ப்பதற்கு வழியே கிடையாது.

பழைய நான்கு வளையக் கார்பனில் இந்தச் சிக்கல் இல்லை. தங்கமோ வெள்ளியோ இலக்கமாக வராது. அது ஒரு முனையில் நின்றாலே மறுமுனைதான் தொடக்கம் என்று தெரிந்துவிடும். பிளஸ் டூ இயற்பியலில் எல்லாரும் படித்தது அந்த நான்கு வளையம்தான். ஒரு சத ரெசிஸ்டரில் கடைசி வளையம் பழுப்பு. 1இல் தொடங்கும் எல்லா மதிப்புக்கும் முதல் வளையமும் பழுப்பு. வழிகாட்டி போய்விட்டது.

முதல் வளையம் முனைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், கடைசி வளையம் மற்றவற்றைவிட அகலமாகவோ சற்றுத் தள்ளியோ இருக்க வேண்டும் என்பது வழக்கம். நிறக்குறியீட்டுக்கான ஐஇசி 60062 தரமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. ஒரு வாட் ரெசிஸ்டரில் இது கண்ணுக்குத் தெரியும். கால் வாட் நீல ரெசிஸ்டரின் உடல் நீளமே ஆறு மில்லிமீட்டர் சொச்சம். இரு முனையும் குமிழாகப் புடைத்திருக்கும். முதல் வளையமும் கடைசி வளையமும் ஆளுக்கொரு குமிழில் சமதூரத்தில் உட்காரும். மலிவு வகையில் அகலத்திலும் வித்தியாசம் தெரியாது. அதை நம்பி முடிவெடுப்பது காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

எந்த மதிப்புகள் இப்படி ஏமாற்றும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். கடையில் வழக்கமாகக் கிடைக்கும் மதிப்புகளான இ24 வரிசையில் ஒரு சத ரெசிஸ்டரின் மூன்றாவது வளையம் எப்போதும் கருப்பு. திருப்பிப் படித்தால் டாலரன்ஸ் பழுப்பு முதல் இலக்கம் 1 ஆகும், பெருக்கி இரண்டாம் இலக்கமாகும், பழைய இரண்டாம் இலக்கம் பெருக்கியாகும், பழைய முதல் இலக்கம் டாலரன்ஸாகும். டாலரன்ஸ் இடத்தில் ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை வந்து நின்றால் கடைப் பொருளில் அது நடக்காத காரியம் என்று உடனே தள்ளிவிடலாம். பழுப்பு வந்தால் தள்ள முடியாது. எனவே ஆபத்து 1இல் தொடங்கும் மதிப்புகளில்தான். டிராயரில் ஒன்றுக்கொன்று மாறக்கூடிய ஜோடிகள்:

1 கே – 110 ஓம்
10 கே – 120 ஓம்
100 கே – 130 ஓம்
1.2 கே – 11 கே
1.3 கே – 110 கே
13 கே – 120 கே

இன்னும் நெருக்கமான மதிப்புகள் கொண்ட இ96 வரிசையும் கலந்த டிராயர் என்றால் 1 மெக்கும் (பத்து லட்சம் ஓம்) 140 ஓமும் இதே பட்டியலில் சேரும். முதல் மூன்று ஜோடிகள்தான் உண்மையான தலைவலி. 1 கே, 10 கே, 100 கே மூன்றும் எந்த மேசையிலும் அதிகம் புரளும் மதிப்புகள்.

எப்படிப் படித்தாலும் ஒரே விடை தருபவையும் உண்டு: 100 ஓம், 1.1 கே, 12 கே, 130 கே. 12 கேயின் வளையங்கள் பழுப்பு, சிவப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு. 'விகடகவி' மாதிரி. இந்த நான்கில் 12 கே பின்னால் உதவிக்கு வரும்.

2இல் தொடங்குபவை பாதி ஆபத்து. 22 கே ஒரு சதத்தைத் திருப்பினால் 12 கே இரண்டு சதம். 220 கேயைத் திருப்பினால் 13 கே இரண்டு சதம். சிவப்பு டாலரன்ஸ் உண்மையிலேயே உள்ளது, ஆனால் ஒரு சதப் பெட்டியில் இரண்டு சதம் இருக்க வாய்ப்பு குறைவு. பெட்டி எது என்று தெரிந்தால் சமாளிக்கலாம். 39 கே, 4.7 கே இரண்டும் பத்திரம். திருப்பிப் படித்தால் 39 கே 120 கிகா ஓம் என்று சொல்லும், யாரும் நம்ப மாட்டார்கள்.

120 ஓம் 10 கே டிராயருக்குள் எப்படி வந்தது? கலப்புப் பொதியில் வரும் ரெசிஸ்டர்கள் காகித நாடாவில் ஒட்டியிருக்கும், மதிப்பு நாடாவின் மேல் எழுதியிருக்கும். நாடாவிலிருந்து வெட்டி, மிஞ்சிய நாலைந்தை யாரோ வளையத்தைப் பார்த்து டிராயரில் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். தவறு நடந்தது சால்டர் வைத்த அன்று அல்ல, டிராயரை அடுக்கிய அன்று.

இரண்டாவது போர்டு: ஓடிக்கொண்டே கெடுத்தது

இதில் எல்லாம் வேலை செய்தது. அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கீழே 10 கேக்குப் பதில் 11 கே. அணைக்கும் வரம்பு 10.83இலிருந்து 10.08க்கு இறங்கியது. அதைவிட மோசம், எழுப்பும் வரம்பு 12.75இலிருந்து 11.86க்கு இறங்கியது. பத்து சத வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் பேட்டரியின் முழு ஆட்டமே 10.8க்கும் 12.8க்கும் நடுவே இரண்டு வோல்ட்தான். அதில் முக்கால் வோல்ட், ஒரு வோல்ட் என்று நகர்ந்துவிட்டது.

10.08இல் அணைகிறது. சுமை போனதும் பேட்டரி மெல்ல மீள்கிறது. 11.86ஐத் தொட்டதும் விளக்கு தானாக எரிகிறது. வடிந்த பேட்டரி தாங்காது. ஒரு நிமிடம்கூட ஆகாமல் மறுபடி 10.08. இரவு முழுவதும் இதே கூத்து. ஒவ்வொரு சுற்றிலும் மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் வழித்தெடுக்கிறது. அப்படியே காலை வரை, சில நாள் மறுநாள் வரை சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. வடிந்த நிலையில் விட்டுவைத்த லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிகமாக இறுகும். இறுகியது பழையபடி கரையாது. பேட்டரியைக் குறை சொன்னவர்கள் முழுக்கத் தவறில்லை. பேட்டரி உண்மையிலேயே கெட்டுத்தான் போயிருந்தது; கெடுத்தது வேறு.

11 கேயின் வளையங்கள் பழுப்பு, பழுப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு. 10 கேயுடையவை பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு. வித்தியாசம் இரண்டாவது வளையம் ஒன்றுதான்: பழுப்பா, கருப்பா. நீல உடலின் மேல் மெல்லிய பழுப்பு மை கருத்துத்தான் தெரியும்; பக்கத்திலேயே உண்மையான கருப்பு இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் கண் முதலில் முடிவு கட்டிவிட்டு நகர்ந்துவிடும். குறைந்த விலை எல்இடி பல்பின் வெளிச்சத்தில் சிவப்புக் கூறு குறைவு. அதில் சிவப்பு பழுப்பாகும், பழுப்பு கருப்பாகும், ஆரஞ்சு சிவப்பாகும். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததும் அந்த இரண்டாவது வளையம் காப்பித்தூள் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. சிவப்பு-பச்சை பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள் நிறத்தை நம்பவே வேண்டாம், நேரே மீட்டருக்குப் போகலாம். அது குறை இல்லை, மற்றவர்களைவிட ஒரு தவறு குறைவாகவே நடக்கும்.

எந்த நிறக் குழப்பம் தீங்கு செய்யும், எது செய்யாது என்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இ24 வரிசை இதுதான்: 10, 11, 12, 13, 15, 16, 18, 20, 22, 24, 27, 30, 33, 36, 39, 43, 47, 51, 56, 62, 68, 75, 82, 91. தமிழில் ஊதா என்றால் சிலருக்கு நீலம், சிலருக்கு வயலட். மேசையில் சத்தமாகப் படித்துக் குறிக்கும்போது இது தினசரி வம்பு. ஆனால் வரிசையைப் பாருங்கள். 47 உண்டு, 46 இல்லை. 56 உண்டு, 57 இல்லை. 68 உண்டு, 78 இல்லை. இலக்க வளையங்களில் 6க்கும் (நீலம்) 7க்கும் (வயலட்) குழம்பினால் வரிசையே திருத்திக் கொடுத்துவிடும். சாம்பலும் வெள்ளையும் அப்படியே. 0 முதல் 3 வரையான கருப்பு, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு நான்கும் அப்படியல்ல. 10, 11, 12, 13 நான்கும் வரிசையில் இருக்கின்றன. 10–20, 12–22, 20–30, 22–33 எல்லாமே இருக்கின்றன. கண்ணுக்கு எது கடினமோ அங்கேதான் வரிசையும் கைவிடுகிறது. பெருக்கி வளையத்துக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது: சிவப்பை ஆரஞ்சு என்று படித்தால் மதிப்பு அப்படியே பத்து மடங்கு.

0 முதல் 9 வரையான நிறங்களின் வரிசையை மனப்பாடம் செய்ய, ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'பி.பி.ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன்' என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பது உண்டு. கருப்பு, பழுப்பு, நீலம் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றே. எந்த 'பி' முதலில் என்பதை அந்த வாசகம் சொல்வதில்லை, குழம்பக்கூடாத இடத்திலேயே குழப்புகிறது. கருப்பு, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், வயலட், சாம்பல், வெள்ளை என்று தமிழில் நேராகச் சொல்லிப் பழகினால் பழுப்பு, பச்சை இரண்டு மட்டுமே ஒரே எழுத்தில் தொடங்கும். 1ஐயும் 5ஐயும் யாரும் நிறத்தில் குழப்பிக்கொள்வதில்லை.

போர்டில் வைத்தே அளந்ததால் தப்பிய பிழை

இரண்டாவது போர்டு இடையில் ஒருமுறை சோதனைக்கு வந்து 'சரி' என்று திரும்பிப் போயிருக்கிறது. பேட்டரியையும் விளக்கையும் கழற்றிவிட்டு, கீழ் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வைத்திருக்கிறார்கள். காட்டியது 8.35 கே. போர்டில் இருப்பதால் குறைத்துத்தான் காட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தச் சமாதானம் பாதி சரி. சார்ஜர் பகுதி இணைந்தே இருந்தது. பிளஸ்ஸுக்கும் தரைக்கும் நடுவே அது மீட்டருக்கு ஏறத்தாழ 2 கே. கீழ் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் 39 + 2 = 41 கே ஒரு பாதை, 220 + 4.7 = 224.7 கே இன்னொரு பாதை. 11 கே இவற்றோடு சேர்ந்தால் 8.35. சரியான 10 கே இருந்திருந்தால் 7.76 காட்டியிருக்கும். '10ஐவிடக் குறைவு, பரவாயில்லை' என்று பார்த்தால் இரண்டும் தேறும். 'எவ்வளவு காட்ட வேண்டும்' என்று முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தால் 8.35 அங்கேயே மாட்டியிருக்கும்.

மின்சாரம் துண்டித்து, கெப்பாசிட்டர் முழுக்க வடிந்தபின் போர்டில் வைத்து அளந்தால் ரெசிஸ்டர் தன் மதிப்புக்கு மேல் காட்டாது. எனவே வளையம் சொல்வதைவிடக் கூடுதலாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டரோ படித்ததோ தவறு. அதில் சந்தேகமே வேண்டாம். குறைவாகக் காட்டினால் அந்த ஒரு அளவை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஒரு காலைத் தூக்கிவிட்டு அளக்க வேண்டும். தூக்கி அளந்தபோது 10.98 கே. 11 கே ஒரு சதத்துக்கு 10.89 முதல் 11.11 வரை அனுமதி. ரெசிஸ்டர் உத்தமம்.

காலைத் தூக்க மனமில்லை என்றால் மின்னழுத்தமாக அளக்கலாம், இந்தச் சர்க்யூட்டில் அதுவே மேல். பேட்டரிக்குப் பதில் சரிசெய்யக்கூடிய பவர் சப்ளை, கரண்ட் லிமிட் ஒரு ஆம்பியர். பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றி 10.0 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். மேலிருந்து இறக்கி வந்தால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நிலையில் கணக்கு வேறு. ரெஃபரன்ஸ் காலில் 10 கே போர்டு 1.97 வோல்ட் காட்டும். 11 கே இருந்தால் 2.12. 120 ஓம் இருந்தால் 0.03. அதே சப்ளையை மேலே ஏற்றி விளக்கு எங்கே எரிகிறது, இறக்கி எங்கே அணைகிறது என்று இரண்டு எண்ணையும் குறித்தால் 39 கேயும் 220 கேயும்கூடச் சோதிக்கப்பட்டுவிடும். 220 கே இடத்தில் 22 கே மாட்டியிருந்தால் எழுப்பும் வரம்பு 16 வோல்ட்டைத் தாண்டிவிடும், 13.8 சார்ஜரில் விளக்கு எழவே எழாது.

மேசையில் மாற்றியது

வளையத்தைப் பார்த்து டிராயரில் திருப்பிப் போடுவது நின்றது. நாடாவை வெட்டும்போது மதிப்பு எழுதிய முனை கடைசி வரை நாடாவோடு இருக்க வேண்டும். எழுத்து போன ரெசிஸ்டர் மீட்டர் பார்த்த பிறகே டிராயருக்குள் போகும். பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றும் மீட்டரைத் தொட்டுவிட்டுத்தான் போர்டுக்கு வரும். 4.7 கே, 10 கே, 39 கே என்றால் 20 கே அல்லது 200 கே ரேஞ்ச், 220 கேக்கு 2 மெக் ரேஞ்ச். பெரிய மதிப்பை அளக்கும்போது இரு காலையும் விரலால் பிடிக்கக் கூடாது. வியர்த்த கைக்கு ஒரு மெக் என்று வைத்தாலே 220 கே 180 ஆகக் காட்டும். ஒரு பக்கம் முதலைக் கிளிப், மறுபக்கம் முனை. சில ஓம் மட்டுமே உள்ள ரெசிஸ்டர் என்றால் முதலில் முனை இரண்டையும் சேர்த்து வயரின் தடையைப் பார்த்துக் கழிக்க வேண்டும். இந்தப் போர்டில் அது தேவையில்லை.

பொருத்தும்போது எல்லா ரெசிஸ்டரையும் ஒரே திசையில், முதல் வளையம் இடப்பக்கமோ மேலோ வரும்படி வைக்கிறார்கள். மின்சாரத்துக்குத் திசை பற்றிக் கவலை இல்லை. பின்னால் பழுது பார்க்க உட்காருபவருக்கு இருக்கிறது.

இதெல்லாம் செய்தபிறகும் 10 கேயும் 120 ஓமும் ஒரே முகத்தோடுதான் இருக்கும். அதனால் மதிப்பையே மாற்றினார்கள். கீழே 12 கே, மேலே 47 கே, பின்னூட்டத்துக்கு (220 கே இருந்த இடத்தில்) 270 கே. 12 கேயை எந்த முனையிலிருந்து படித்தாலும் 12 கே. 47 கேயைத் திருப்பினால் 1.2 கிகா ஓம், 270 கேயைத் திருப்பினால் 1.3 கிகா ஓம். படித்தவரே சிரித்துவிட்டுத் திருப்பி வைப்பார். 4.7 கே இரண்டும் பழையபடி. அவை திரும்பினால் 1.1 கிகா. போர்டில் முனை மாறினால் நம்பும்படியான மதிப்பு தரும் ரெசிஸ்டர் இப்போது ஒன்றுகூட இல்லை.

கணக்கும் கெடவில்லை. எரியும்போது மேல்பக்கம் 40.03 கே, அணைக்கும் வரம்பு ரெஃபரன்ஸ் கால் இழுப்பையும் சேர்த்து 10.90. அணைந்தபின் கீழ்ப்பக்கம் 11.49 கே, எழுப்பும் வரம்பு 12.79. சாதாரண டிஎல்431இன் ரெஃபரன்ஸ் இரண்டு சதம் முன்பின் இருக்கும். அதுவே அணைக்கும் வரம்பை 0.2 வோல்ட் நகர்த்திவிடும் என்பதால், ஒரு சத 'ஏ' வகையாக வாங்குவது மேல். 10.0 வோல்ட் சோதனையில் ரெஃபரன்ஸ் காலில் வர வேண்டியது 1.96, போர்டின் ஓரத்தில், அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே, இந்த எண் இப்போது அச்சிலேயே வருகிறது.